ஊதா பீன்ஸ் கொதிநீரில் பச்சையாவது ஏன்?

முதன்முறை ஊதா பீன்ஸ் சமைத்த நாளில் எனக்கு மனசே ஆறவில்லை. நாவல்பழ நிறத்தில் பளபளத்த காய்கள். அந்த நிறத்துக்காகவே தேடி வாங்கியவை. கொதிக்கும் நீரில் போட்டு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். நுனியில் பச்சை எட்டிப் பார்த்தது, பிறகு முதுகில் பரவியது, அப்புறம் காய் முழுவதும் பச்சைதான். தட்டில் வைத்தபோது அது எந்த பீன்ஸ் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

பாரம்பரிய ரகக் காய்கறிகளில் நம்மை முதலில் இழுப்பது நிறம். வீரிய ஒட்டு ரகங்களில் விதை எடுத்து மறுபடி விதைத்தால் தாய்ச்செடியின் குணம் சிதறிப்போகும். பாரம்பரிய ரகங்கள் அப்படியல்ல. தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து, விதைத்து, அதே குணத்தோடு காப்பாற்றப்பட்டவை. மஞ்சள் பீட்ரூட், கறுப்புத் தக்காளி, ஊதா கேரட் எல்லாம் இப்படி வந்து சேர்ந்தவைதான். ஆனால் இந்த நிறங்கள் எல்லாம் ஒரே பொருளால் ஆனவை அல்ல. எந்த நிறமி, செல்லில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், அடுப்பில் அதற்கு என்ன நேரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

ஊதா பீன்ஸை ஒடித்துப் பாருங்கள். உள்ளே முழுக்க வெளிர் பச்சை. ஊதா இருப்பது வெளித்தோலின் மெல்லிய அடுக்கில் மட்டும். அதைத் தருவது ஆந்தோசயனின் என்னும் நிறமி. இது நீரில் கரையும். செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில், சற்றே அமிலத்தன்மை கொண்ட சாற்றில் கரைந்து கிடக்கும். கொதிநீரின் சூட்டில் செல்லின் சவ்வுகள் கிழிகின்றன. சாறு செல்லின் மற்றப் பகுதிகளோடு கலந்து அமிலத்தன்மையை இழக்கிறது, நிறமியில் ஒரு பங்கு வெளியே தண்ணீரில் இறங்கிவிடுகிறது. அமிலம் குறைந்த இடத்தில் ஆந்தோசயனின் மூலக்கூறோடு ஒரு நீர் மூலக்கூறு ஒட்டிக்கொள்ள, அதன் அமைப்பு மாறி நிறமே இல்லாமல் போகிறது. பச்சையம் அந்தக் காயில் முதலிலிருந்தே இருந்தது. மேலே இருந்த ஊதா போனதும் அது கண்ணுக்குத் தெரிகிறது. ஊதா குடைமிளகாயும் சிவப்பு வெண்டைக்காயும் வாணலியில் பச்சையாவது இதே வழியில்தான்.

சில தோட்டக்காரர்கள் இதையே பயனாக்கிக்கொண்டிருக்கிறார்கள். உறையவைத்துச் சேமிக்கும் முன் பீன்ஸைச் சில நிமிடம் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும் அல்லவா? ஊதா முழுவதும் பச்சையானால் பதம் வந்துவிட்டது என்று கணக்கு.

அமிலம் இருந்தால் நிறம் நிற்கும் என்றால் எலுமிச்சை பிழிந்தால் போதாதா என்று நானும் முயன்று பார்த்தேன். வந்தது அழுக்குப் பழுப்பு. பிறகுதான் புரிந்தது. ஆந்தோசயனினைக் காக்கும் அமிலமே பச்சையத்துக்கு எதிரி. பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. அமிலமும் சூடும் சேர்ந்தால் அது கழன்று, அந்த இடத்தில் ஹைட்ரஜன் வந்து அமரும். பளிச்சென்ற பச்சை மங்கிய ஆலிவ் நிறமாகிவிடும். இரண்டு நிறமிகளும் ஒரே காயில் இருக்கும்போது இரண்டையும் காப்பாற்ற வழியில்லை. அந்த ஊதா வேண்டுமென்றால் இளங்காயாகப் பறித்து, மெல்லிய சீவல்களாக அரிந்து, அடுப்பிலிருந்து இறக்கிய உணவின் மேல் கடைசியில் தூவுவதுதான் வழி. வேகாத பீன்ஸில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் உண்டு என்பதால் அதையும் கொஞ்சமாகத்தான் தூவ வேண்டும்.

ஊதா முட்டைக்கோஸில் பச்சையம் குறைவு. அதனால் ஆந்தோசயனினின் குணத்தை அதில் தெளிவாகப் பார்க்கலாம். கொஞ்சம் அரிந்து வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரை மூன்று கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு விட்டால் ரோஜா நிறம். ஒன்றில் சமையல் சோடா போட்டால் நீலம், இன்னும் போட்டால் பச்சை. எதுவும் சேர்க்காதது ஊதாவாகவே நிற்கும். 1664-லேயே ராபர்ட் பாயில் வயலட் பூச்சாறு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதை எழுதிவைத்திருக்கிறார். உப்புநீர் வரும் வீட்டில் ஊதா முட்டைக்கோஸ் வெந்தால் நீலம் பாரிப்பதற்கும் காரணம் இந்தக் காரத்தன்மைதான். ஒரு கரண்டி வினிகர் விட்டால் சிவப்பு திரும்பி வந்துவிடும்.

ஊதா உருளைக்கிழங்கும் கறுப்பு கேரட்டும் வெந்த பிறகும் நிறம் காட்டுகின்றனவே என்று கேட்கலாம். அங்கே இருப்பதும் ஆந்தோசயனின்தான், ஆனால் வடிவம் வேறு. அந்த மூலக்கூறுகளின் ஓரத்தில் கரிம அமிலத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். அவை மடிந்து வந்து நிறத்துக்குக் காரணமான மையத்தின் மேல் போர்வைபோலப் படுத்துக்கொள்ளும். நீர் மூலக்கூறு நெருங்க இடம் கிடைக்காது. மிட்டாய்களுக்கும் பானங்களுக்கும் இயற்கைச் சாயமாகக் கறுப்பு கேரட் சாற்றைத் தேர்ந்தெடுப்பதும் இந்தத் தாக்குப்பிடிக்கும் சக்திக்காகத்தான்.

பீட்ரூட்டின் சிவப்பைப் பார்த்து இதுவும் அதே இனம் என்று நினைத்துவிடுவோம். இல்லை. அது பீட்டாலைன், நைட்ரஜன் கொண்ட வேறு வகை நிறமி. எனக்கு இன்றும் வியப்பு தரும் செய்தி ஒன்று உண்டு: இயற்கையில் எந்தத் தாவரமும் ஆந்தோசயனினையும் பீட்டாலைனையும் சேர்த்து உண்டாக்குவதாகக் கண்டறியப்படவில்லை. ஒன்று இருந்தால் மற்றது இல்லை. பீட்ரூட், சிவப்புத் தண்டுக்கீரை, டிராகன் பழம், சப்பாத்திக்கள்ளிப் பழம், காகிதப்பூ எல்லாம் ஒரே பெரிய தாவரத் தொகுதியைச் சேர்ந்தவை. பீட்டாலைன் அந்தத் தொகுதியின் சொத்து. இது அமிலத்துக்கெல்லாம் எளிதில் நிறம் மாறாது. ஆனால் நீரில் கரையும், நீண்ட நேரம் கொதித்தால் சிதையும். அதனால்தான் பீட்ரூட்டைத் தோலும் வாலும் வெட்டாமல் முழுதாக வேகவைப்பது. வெனிஸுக்கு அருகிலுள்ள கியோஜா ஊரின் பெயரைத் தாங்கிய பீட்ரூட் ரகம் ஒன்று உண்டு. குறுக்கே வெட்டினால் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வட்டங்கள். வேகவைத்தால் சிவப்பு கசிந்து வெள்ளை வளையங்களுக்குள் ஏறி, எல்லாம் ஒரே வெளிர் இளஞ்சிவப்பாகிவிடும். அதைப் பச்சையாக, காகிதம்போலச் சீவித்தான் சாப்பிட வேண்டும்.

மூன்றாவது வகை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களைத் தரும் கரோட்டினாய்டு நிறமிகள். இவை நீரில் கரைவதில்லை, எண்ணெயில் கரையும். 1970-இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு வயலில் ஆரஞ்சு நிறக் காலிஃபிளவர் தற்செயலாகக் கிடைத்தது. மரபணு ஒன்றில் நேர்ந்த மாற்றத்தால் பூவின் செல்களில் கரோட்டின் என்ற கரோட்டினாய்டு சேர்ந்திருந்தது. அதிலிருந்து வந்த ரகங்கள் எவ்வளவு வெந்தாலும் ஆரஞ்சாகவே இருக்கும். ஊதா காலிஃபிளவரோ ஆந்தோசயனின் கொண்டது, கொதிநீரில் சாம்பல் பூத்துப்போகும்.

தக்காளியில் இந்த நிறமிகளின் கூட்டணி இன்னும் சுவையானது. இளஞ்சிவப்புத் தக்காளிக்கும் சிவப்புத் தக்காளிக்கும் சதையில் அநேகமாக வேறுபாடே இல்லை. சிவப்பில் தோல் மஞ்சள், இளஞ்சிவப்பில் தோல் நிறமற்றது, அவ்வளவுதான். உரித்து ஒளியில் பிடித்துப் பாருங்கள், தெரியும். செரோக்கி பர்ப்பிள் போன்ற கறுப்புத் தக்காளிகளில் ஆந்தோசயனின் கிடையாது. பழுக்கும்போது பச்சையத்தைச் சிதைக்க வேண்டிய மரபணு அவற்றில் பழுதாகிவிட்டது. பச்சையம் தங்கிவிட, அதன்மேல் தக்காளிக்குச் சிவப்பு தரும் கரோட்டினாய்டான லைகோபீனின் நிறமும் சேர, கருஞ்செம்மை பிறக்கிறது. பச்சையமும் அமிலமும் சூட்டில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை பீன்ஸிலேயே பார்த்துவிட்டோம். கறுப்புத் தக்காளிக் குழம்பு பழுப்பாக வருவது அதனால்தான்.

காம்பைச் சுற்றித் தோள்பகுதி பச்சையாகவே இருக்கும் பழைய ரகங்களைப் பலர் பழுக்காதவை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. சந்தைக்கான ரகங்களை உருவாக்கியவர்கள் ஏறக்குறைய 70 ஆண்டுகளாக, காய் எங்கும் ஒரே சீரான வெளிர் பச்சையாக இருந்து ஒரே சீராகச் சிவக்கும் செடிகளையே தேர்ந்தெடுத்தார்கள். பறிக்க அது வசதி. அந்தச் சீர்மைக்குக் காரணம் பழுதான ஒரு மரபணு என்று 2012-இல் ஆன் பவல் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் கண்டறிந்தார்கள். காயில் பச்சையத்தைத் தாங்கும் பசுங்கணிகங்களை வளர்ப்பது அந்த மரபணுவின் வேலை. இலையைப்போலக் காயும் வெயிலில் கொஞ்சம் சர்க்கரை செய்துகொள்ளும். மரபணுவைச் சரிசெய்து பார்த்தபோது சர்க்கரையும் லைகோபீனும் கூடின. பச்சைத் தோள் கொண்ட ரகங்களில் அந்த மரபணு இன்னும் வேலை செய்கிறது.

ஆரஞ்சுத் தக்காளிகளில் ஒரு வகை இருக்கிறது. அதில் லைகோபீன் நேராக நீளாமல் வளைந்த வடிவில் இருக்கும். அந்த வளைந்த லைகோபீனை நம் உடல் சிவப்புத் தக்காளியின் லைகோபீனைவிட எட்டு மடங்குக்கும் மேலாக உறிஞ்சுகிறது என்று 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. தக்காளிச் சாறு குடிக்கக் கொடுத்து இரத்தத்தில் அளந்து பார்த்தார்கள். சிவப்புத் தக்காளியிலும் எண்ணெயோடு நீண்ட நேரம் சுட்டால் லைகோபீனில் ஒரு பங்கு இப்படி வளையும். அதனால் என் அடுப்பில் சிவப்புத் தக்காளி எண்ணெயில் நிதானமாக வதங்கும். கறுப்புத் தக்காளியை அடுப்பருகே கொண்டுபோவதில்லை. அரிந்து, உப்புத் தூவி, கருஞ்செம்மை கலையாமல் அப்படியே தட்டில் வைத்துவிடுகிறேன்.