வலிக்காத கழுத்தையும் கவனியுங்கள்

கழுத்து வலியோடு வருபவர்களில் பலர் உட்கார்ந்ததுமே கேட்பது, "டாக்டர், எலும்பு தேஞ்சிருக்கா?" என்பதுதான். நாற்பதைத் தாண்டிய பலருக்கும் கொஞ்சமாவது தேய்ந்திருக்கும். வலியே இல்லாதவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் வற்றியிருப்பதும் லேசாகப் பிதுங்கியிருப்பதும் தெரியும். ரிப்போர்ட்டில் 'தேய்மானம்' என்ற வார்த்தையைப் பார்த்தே தூக்கத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. அது தேவையே இல்லை.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. கழுத்தைப் பொறுத்தவரை வலியின் அளவும் ஆபத்தின் அளவும் ஒன்றல்ல.

காலையில் எழுந்ததும் கழுத்தைத் திருப்ப முடியாமல் பிடித்துக்கொள்வது பயங்கரமாக வலிக்கும். ஆனால் பெரும்பாலும் தசைப்பிடிப்புதான். சில நாட்களில் சரியாகிவிடும். ஒத்தடம் கொடுங்கள், முடிந்த அளவு மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள். டாக்டர் சொல்லாமல் வாரக்கணக்கில் காலர் போட்டுக்கொண்டால் தசைகள் பலவீனமாகும். வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பதும் வேண்டாம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் அந்த வழியாகத்தான் போகின்றன. அரிதாக அவை கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு.

அடுத்தது நரம்பு அழுத்தம். கழுத்தின் 7 எலும்புகளில் தேய்மானம் அதிகம் வருவது 5, 6, 7ஆவது எலும்புகளுக்கு நடுவில். அங்கே டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி தோள்பட்டையிலிருந்து சுரீரென்று கைவிரல் வரை இறங்கும். சிலர் கையைத் தூக்கித் தலைமேல் வைத்தபடியே உள்ளே வருவார்கள். அப்படி வைத்தால் நரம்பின் இழுப்பு குறைந்து வலி அடங்குகிறது. கதவருகே பார்க்கும்போதே பாதி விஷயம் புரிந்துவிடும். இதுவும் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் இல்லாமலே சில வாரங்களிலோ மாதங்களிலோ குறைகிறது. ஆனால் கை பலம் குறைந்துகொண்டே போனால் காத்திருக்கக் கூடாது.

தண்டுவடமே நெரிபடுவதுதான் பெரிய கவலை. கழுத்தில் வலி துளியும் இல்லாமலே இது வரலாம். சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது, கையெழுத்து கோணுகிறது, சாவி கையிலிருந்து நழுவுகிறது, நடக்கும்போது தள்ளாடுகிறது. "வயசாயிடுச்சு, அதான்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். சர்க்கரை நோயால் வந்த மரமரப்பு என்றும் நினைத்துக்கொள்வார்கள். இப்படி வருபவர்களிடம் விரல்களை முழுதாக மடக்கி விரிக்கச் சொல்லி, 10 விநாடிக்கு எத்தனை முறை என்று எண்ணுவேன். சாதாரணமாக 20 முறையாவது வரும். தண்டுவடம் அழுத்தப்பட்டவர்களுக்குப் பாதியிலேயே வேகம் குறையும், சுண்டுவிரல் பின்தங்கும். அப்புறம் குதிகாலை மறு காலின் விரல்நுனியோடு ஒட்டவைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னால் தடுமாறுவார்கள். தலையைக் குனியும்போது முதுகில் ஷாக் அடிப்பது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது ஆகியவையும் இதன் அடையாளங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் தண்டுவட மருத்துவரைப் பாருங்கள். ஆபரேஷன் அழுத்தத்தை எடுத்துவிடும்; இழந்த பலம் எவ்வளவு திரும்பும் என்பது எவ்வளவு சீக்கிரம் வந்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

அடிபட்ட கழுத்திலும் வலியை நம்பி முடிவெடுக்க முடியாது. வண்டியைப் பின்னாலிருந்து இடித்தால் கழுத்து வெட்டி இழுக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் மறுநாள் விறைத்துக்கொள்ளும். வயதானவர்கள் தரையில் வழுக்கி விழுந்தால்கூட இரண்டாவது கழுத்தெலும்பு முறியலாம். தலையில் தையல் போட்டதோடு அனுப்பிவிடாமல் கழுத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆழமில்லாத நீரில் தலைகீழாகக் குதித்தவர், உயரத்திலிருந்து விழுந்தவர், விபத்துக்குப் பின் கைகால் மரத்திருப்பவர், மயங்கிக் கிடப்பவர் ஆகியோரின் கழுத்து முறிந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரோ தீயோ போன்ற உடனடி ஆபத்து இல்லையென்றால், கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்காதீர்கள். ஒருவர் தலையின் இரண்டு பக்கத்தையும் பிடித்து அசையாமல் வைத்திருங்கள். இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். வாந்தி எடுத்தால் தலை, தோள், இடுப்பு மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தே ஒருக்களித்துப் புரட்டுங்கள். மூச்சு நின்றிருந்தால் கழுத்தைப் பற்றி யோசித்துத் தாமதிக்காமல் நெஞ்சை அழுத்தும் சிபிஆர் முதலுதவியைத் தொடங்குங்கள்.