பள்ளிக் குழுவோடு அருங்காட்சியகம் போகிறீர்களா? டிக்கெட்டோடு பயிலரங்கையும் கேளுங்கள்

பள்ளிக் குழுவுக்கு நகர அருங்காட்சியகத்தில் பொதுவாக இரண்டு வசதிகள் உண்டு. ஒன்று நுழைவுச் சலுகை, இன்னொன்று பயிலரங்கு. பல பள்ளிகள் முதலாவதை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகின்றன. வரிசையில் நுழைந்து, கண்ணாடிப் பெட்டிகளைக் கடந்து, வாசலில் குரூப் போட்டோ எடுத்தால் கல்விச் சுற்றுலா முடிந்தது.

பயிலரங்கு அப்படியல்ல. மியூசியத்தின் கல்விப் பிரிவைச் சேர்ந்தவர் ஒரே ஒரு வகுப்பை உட்கார வைத்து, அங்குள்ள பொருள்களைக் கொண்டே நடத்தும் பாடம் அது. பிள்ளைகள் வரைவார்கள், களிமண் பிசைவார்கள், கேள்வி கேட்பார்கள். சுற்றிக் காட்டும் வழிகாட்டியின் வேலையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதைக் கேட்பதற்குத் தயங்கவும் வேண்டாம். அருங்காட்சியகங்கள் குறித்து யுனெஸ்கோ 2015-இல் ஒரு பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. பாதுகாத்தல், ஆய்வு ஆகியவற்றோடு கல்வியையும் அருங்காட்சியகங்களின் முதன்மைப் பணிகளில் ஒன்றாக அது சொல்கிறது. சர்வதேச அருங்காட்சியக மன்றம் 2022-இல் பிராக் நகரில் ஏற்ற புதிய வரையறையிலும் கல்வி இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு, பண்பாட்டு வாழ்வில் பங்கேற்கும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது. யுனெஸ்கோ பரிந்துரை சட்டம்போல் யாரையும் கட்டாயப்படுத்தாது என்பது சரிதான். ஆனாலும் 'உங்கள் கல்வித் திட்டத்தில் எங்கள் வகுப்புக்கு என்ன இருக்கிறது?' என்று கேட்டு எழுதும் ஆசிரியர் தயவு கேட்கவில்லை. அந்த நிறுவனம் செய்ய வேண்டிய வேலையைத்தான் கேட்கிறார்.

அப்புறம் பணம். இங்கேதான் குழப்பம் அதிகம். நுழைவு இலவசம் என்றால் பயிலரங்கும் இலவசம் என்று பொருளல்ல. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் குழுவாகப் போனால் முன்பதிவு கட்டாயம். பிரிட்டனின் தேசிய அருங்காட்சியகங்களில் நிரந்தரக் காட்சிகளை 2001 முதல் எல்லோரும் இலவசமாகப் பார்க்கலாம். சிறப்புக் கண்காட்சிக்குப் பெரும்பாலும் தனி டிக்கெட். நகராட்சிகள் நடத்தும் மியூசியங்களில் விதி ஊருக்கு ஊர் மாறும். அதனால் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடாதீர்கள். கட்டணம் தலைக்கா, குழுவுக்கா? வண்ணம், காகிதம், களிமண் அதில் அடக்கமா? உடன் வரும் ஆசிரியருக்கும் உதவியாளருக்கும் டிக்கெட் உண்டா? வசதி குறைந்த பள்ளிகளுக்குக் கட்டண விலக்கோ பயண உதவியோ இருக்கிறதா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. சில இடங்களில் அதற்கென்றே நிதி ஒதுக்கி வைத்திருப்பார்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

முன்பதிவுக் கடிதத்தில் வகுப்பு, எண்ணிக்கை, மொழி, இப்போது நடக்கும் பாடம் ஆகிய நான்கும் இருந்தால் போதும். பாடத்தைக் குறிப்பிடுவது முக்கியம். 'ஏழாம் வகுப்பு, நாற்பது பேர்' என்று மட்டும் எழுதினால் எல்லோருக்கும் காட்டுவதைத்தான் உங்களுக்கும் காட்டுவார்கள். 'மழைநீர் எங்கே போகிறது என்று படிக்கிறோம்' என்று எழுதிப் பாருங்கள், நகரத்தின் பழைய வரைபடமும் சுடுமண் குழாய்த் துண்டும் மேசைக்கு வரலாம். நாற்பது பேரை இரண்டாகப் பிரிக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். உறுதிசெய்த பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக் கூடாது என்பது காட்சிக்கூட விதி. பயிலரங்கில் அது தளரும். கற்பித்தலுக்கென்றே சில மூலப் பொருள்களையும் நகல்களையும் தனியாக வைத்திருக்கும் மியூசியங்கள் உண்டு. அதைத்தான் பிள்ளைகள் கையில் தருவார்கள். மேசைமேல் மெத்தை விரிப்பு, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், மேசையைவிட்டு உயரத் தூக்கக் கூடாது. ஒரு பானைத் துண்டின் உட்புறத்தில் வனைந்தவரின் விரல் ஓடிய வரிகள் இருக்கும். அந்தப் பள்ளத்தில் தன் விரலை வைத்துப் பார்க்கும் பிள்ளைக்குப் பானை எப்படிச் சுழன்றது என்று விளக்கவே வேண்டாம்.

மற்ற கெடுபிடிகளுக்கும் காரணம் உண்டு. பென்சில் மட்டும் என்பது, மை சிந்தினால் போகாது என்பதால். துணி, காகித ஓவியம் உள்ள கூடம் மங்கலாக இருப்பது மின்சாரச் சிக்கனத்துக்காக அல்ல. ஒளி ஏற்படுத்தும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பச் சரியாகாது. அதனால் வெளிச்சத்தை வழக்கமாக 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவில் நிறுத்துகிறார்கள். கண் பழக ஓரிரு நிமிடம் பிடிக்கும் என்று உள்ளே நுழையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கல்விப் பிரிவில் ஆள் இல்லாத சிறிய மியூசியமா? ஆசிரியரே நடத்தலாம், அனுமதி மட்டும் முன்கூட்டி வாங்க வேண்டும். அருங்காட்சியகக் கல்வியாளர் பிலிப் யெனவைன், உளவியலாளர் அபிகெய்ல் ஹவுசன் இருவரும் உருவாக்கிய முறையில் மூன்றே கேள்விகள்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? வேறென்ன தெரிகிறது? இரண்டாவது கேள்விதான் உயிர். பிள்ளை திரும்பப் போய்ப் படத்தைப் பார்க்கும். ஒரு மணி நேரத்தில் மூன்று படம் பார்த்தாலே அதிகம்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை 'சிரமமாக இருக்கும்' என்று பள்ளியிலேயே விட்டுவிட்டுப் போவது தவறு. ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவு அருங்காட்சியகங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், சைகை மொழி, தொட்டுணரும் நகல், சத்தம் குறைந்த நேரம் என்று எது தேவையோ அதை முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள். வந்து நின்றபின் கேட்டால் ஏற்பாடு செய்ய நேரம் இருக்காது.

மியூசியம் விளம்பரத்துக்காகப் படம் எடுக்கும் என்றால் பெற்றோரின் ஒப்புதல் தேவைப்படும். படிவத்தை ஒரு வாரம் முன்பே வீட்டுக்கு அனுப்புங்கள். ஒப்புதல் தராத வீட்டுப் பிள்ளையைப் பயிலரங்கிலிருந்து ஒதுக்கக் கூடாது, கேமராவுக்கு வெளியே உட்கார வைத்தால் போதும். பஸ் தாமதமானால் உடனே போன் செய்யுங்கள். உங்களுக்கு அடுத்து இன்னொரு வகுப்பு இருக்கும், நேரத்தை நீட்ட மாட்டார்கள்.