நடுக்க மாத்திரை மனச்சோர்வுக்கு எதற்கு?

"அண்ணாச்சி, இது நடுக்க வியாதிக்கு உள்ள மாத்திரைல்லா? மதினிக்கு எதுக்கு எழுதியிருக்காவ?"

பாளையங்கோட்டையில் மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு, சேரன்மகாதேவி மருந்துக்கடையில் மனச்சோர்வுக்கான சீட்டை நீட்டுபவரிடம் கடைக்காரர் இப்படிக் கேட்டால் என்ன ஆகும்? பாதிப் பேர் மாத்திரையை வாங்காமலே வீட்டுக்குப் போவார்கள். வாங்கிப்போனாலும், டாக்டர் மாற்றி எழுதிவிட்டார் என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். இந்தக் கேள்விக்கு ஆஸ்பத்திரியிலேயே பதில் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

சீட்டில் இருப்பது பிரமிபெக்சோல். கடைக்காரர் சொன்னது சரிதான். பார்கின்சன் எனும் நடுக்க நோய்க்கும், ராத்திரி படுத்ததும் காலை ஆட்டிக்கொண்டே இருக்கவைக்கும் கால் குடைச்சலுக்கும் உள்ள மருந்து அது. ஒப்புதல் பெற்ற நோய்க்கு அல்லாமல் வேறு நோய்க்கு ஒரு மருந்தை எழுதுவதை ஆஃப்-லேபிள் என்கிறார்கள். கம்பெனி எந்த நோய்க்கு ஆய்வு நடத்தி விண்ணப்பிக்கிறதோ அந்த நோய்க்குத்தான் ஒப்புதல் கிடைக்கும். காப்புரிமை முடிந்து விலை இறங்கிய மருந்தை இன்னொரு நோய்க்குச் சோதித்துப் பார்க்க எந்தக் கம்பெனியும் லேசில் பணம் போடாது. ஆகவே ஒப்புதல் பட்டியலில் இல்லை என்பதை வைத்து, கேட்கும் என்றோ கேட்காது என்றோ சொல்லிவிட முடியாது. ஆதாரத்தைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

எடுத்த எடுப்பில் யாருக்கும் இதை எழுத மாட்டார்கள். குறைந்தது இரண்டு மனச்சோர்வு மருந்துகளைப் போதிய அளவில், போதிய வாரங்கள் சாப்பிட்டும் தேறாதவர்களுக்கு உள்ள வழி இது. அப்படிப்பட்டவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 பேரை வைத்து நடந்து 2006இல் முடிவு வெளியான ஸ்டார்-டி ஆய்வில், முதல் மருந்தில் முழுதாகத் தேறியவர்கள் மூன்றில் ஒருவர் அளவுதான். மூன்றாவது, நான்காவது மருந்துக்குப் போனபோது அது ஏழெட்டுப் பேரில் ஒருவராகச் சுருங்கிவிட்டது. ஆனால் மருந்து கேட்கவில்லை என்று சொல்லுமுன் தைராய்டு, ரத்தசோகை, குடிப்பழக்கம், இடையிடையே விட்டுப்போன மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எப்போதாவது தூக்கமே இல்லாமல், அளவுமீறிய உற்சாகத்தோடு சில நாட்கள் திரிந்தது உண்டா என்றும் கேட்க வேண்டும். அது, உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோயாக இருந்தால் கணக்கே வேறு.

சரி, நடுக்க மருந்துக்கும் மனசுக்கும் என்ன தொடர்பு?

வழக்கமான மாத்திரைகளில் பெரும்பாலானவை செரட்டோனின் என்ற மூளை ரசாயனத்தை ஒட்டி வேலை செய்பவை. அழுகை குறையும், பதற்றம் அடங்கும். ஆனால் சிலருக்குப் பிடிப்பு மட்டும் திரும்பி வராது. முக்கூடலில் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு இலையைக்கூட வெட்டாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் கேட்டால், "வருத்தம்லாம் இல்ல சார், எதுலயும் மனசு ஓடல" என்பார். இந்த ஓடாத மனசில்தான் டோபமின் என்ற இன்னொரு மூளை ரசாயனத்துக்கு வேலை. நடுமூளையிலிருந்து டோபமின் நரம்புகள் பல திசைகளில் கிளம்புகின்றன. ஒரு பாதை உடல் அசைவைக் கவனிக்கும் பகுதிக்குப் போகிறது; பார்கின்சனில் அழிவது முக்கியமாக இதுதான். இன்னொன்று நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதிக்குப் போகிறது. ஒரு காரியத்தால் பலன் உண்டு, எழுந்து செய் என்று உந்துவது இந்தப் பாதை. டோபமினை மகிழ்ச்சி ரசாயனம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அனுபவிப்பதைவிட நாடிப் போவதற்குத்தான் அது கூடுதலாகத் தேவைப்படுகிறது.

பிரமிபெக்சோல் டோபமின் மாதிரியே நடித்து அதன் ஏற்பிகளில், அதாவது டோபமினின் செய்தியை நரம்பு வாங்கிக்கொள்ளும் இடங்களில், உட்கார்ந்துகொள்ளும், அதிலும் டி3 என்ற வகையில் கூடுதலாக. அந்த டி3 ஏற்பிகள் அடர்ந்திருப்பது இந்த இரண்டாவது பாதை போய்ச் சேரும் இடத்தில்.

அப்படியானால் மாத்திரை போட்டதுமே உற்சாகம் வர வேண்டாமா? வராது; முதல் நாட்களில் சோர்வு கூடக்கூடச் செய்யலாம். கன்னடியன் கால்வாயில் கடைமடை வயல்வரை தண்ணீர் நிறைந்துவிட்டது என்று தகவல் வந்தால் தலைமதகை இறக்கிவிடுவார்கள் அல்லவா? டோபமின் நரம்பும் தன் மேலேயே ஏற்பிகளை வைத்து, வெளியே எவ்வளவு டோபமின் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. மருந்து முதலில் அந்த ஏற்பிகளிலும் உட்காருவதால், போதுமான அளவு இருக்கிறது என்று நம்பி நரம்பு தன் சுரப்பைக் குறைத்துவிடுகிறது. மருந்து தொடர்ந்தால் அந்த ஏற்பிகள் மந்தமாகி, நரம்பு பழைய வேகத்துக்குத் திரும்புவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களுக்கு அளவைச் சிறிதாகத் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றுவதற்கு இது ஒரு காரணம், குமட்டல் இன்னொரு காரணம். இந்தக் காத்திருப்பில் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த தேதிவரை பொறுக்கவே கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மனாஸ் எண் 14416 இரவும் பகலும் இலவசம்.

ஆதாரத்துக்கு வருவோம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு நடத்திய பாக்ஸ்-டி ஆய்வு 2025இல் வெளியானது. மருந்துக்குப் பிடிகொடுக்காத மனச்சோர்வு உள்ள 150 பேர். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு பாதிப் பேருக்குப் பிரமிபெக்சோல், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை, நாளுக்கு 2.5 மில்லிகிராம் வரை ஏற்றினார்கள். 12 வாரத்தில் மனச்சோர்வின் கடுமையைக் காட்டும் மதிப்பெண் மருந்துக் குழுவில் சராசரியாக 6.4 புள்ளியும், மற்றதில் 2.4 புள்ளியும் இறங்கியது. இவ்வளவு தேறாதவர்களிடம் இது நல்ல வித்தியாசம். ஆனால் மருந்து எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பக்கவிளைவு தாங்காமல் விலகினார்கள். 150 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். அடுத்த வீட்டுக்காரருக்குப் பரிந்துரைக்க இது போதாது.

குமட்டலைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வாந்தி வருகிறது என்று பக்கத்துக் கடையில் மெட்டோகுளோபிரமைடு வாங்கிப் போட்டால், அது மூளைக்குள் புகுந்து அதே டோபமின் ஏற்பிகளை அடைத்துவிடும். தலைசுற்றலுக்குக் கொடுக்கும் புரோகுளோர்பெரசினும் அப்படித்தான். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கியதாகிவிடும். டாம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் நுழையாது. அதையும் இதயத்துடிப்பைக் கெடுக்குமா என்று பார்த்து மருத்துவரே எழுத வேண்டும். பிரமிபெக்சோல் சிறுநீரகம் வழியாகவே பெரும்பாலும் வெளியேறுவதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது. சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். சொல்லாமல் கொள்ளாமல் தூக்கம் வரும். நாகர்கோவில் நாற்கரச் சாலையில் பைக் ஓட்டுகிறவருக்கு அது உயிர் விஷயம்.

எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. நாட்டத்தைத் தூண்டும் மருந்து சிலருக்கு அதை அளவுக்கு மேல் தூண்டிவிடும். சூதாட்டம், கண்மூடித்தனமான செலவு, கட்டுக்கடங்காத பாலுணர்வு. தமிழ்நாட்டில் 2003இலேயே லாட்டரியைத் தடை செய்தாகிவிட்டது. ஆனால் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு போனால் கேரள லாட்டரி கிடைக்கும், 2025இல் சட்டம் வந்து தடுக்கும்வரை போனில் பணம் வைத்து ஆடும் ரம்மியும் இருந்தது. அதுவரை சீட்டைத் தொடாத மனுஷன் வீட்டுக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்தால் அதைக் குணக்கேடு என்றுதான் ஊர் சொல்லும். அது மருந்தின் வேலையாக இருக்கலாம், அளவைக் குறைத்தால் அடங்கவும் கூடும் என்பதை மனைவியிடமோ மகனிடமோ முதல் நாளே, நோயாளியின் சம்மதத்தோடு, சொல்லிவைக்க வேண்டும். நோயாளியே வந்து சொல்வார் என்று காத்திருக்க முடியாது, வெட்கம் தடுக்கும்.

நிறுத்துவதிலும் அவசரம் ஆகாது. திடீரென விட்டால் பதற்றம், வியர்வை, முன்னைவிட மோசமான சோர்வு வரலாம்; ஏற்றியதைப் போலவே படிப்படியாக இறக்க வேண்டும். உரிய அளவில் மூன்று மாதம் கொடுத்தும் பலனில்லை என்றால் இறக்கிவிட்டு வேறு பக்கம் பார்க்கலாம். லித்தியம் இருக்கிறது, தைராய்டு ஹார்மோன் சேர்ப்பது இருக்கிறது, ஊரில் ஷாக் என்று பயப்படும் மின்சிகிச்சையும் இருக்கிறது.