ஹெட்செட்டை வெட்டாதீர்கள்

போன வாரமும் ஒரு அப்பா வந்தார். மகனின் ஹெட்செட்டைக் கத்தரியால் வெட்டி, கேரி பையில் போட்டு, சாட்சிப் பொருள் மாதிரி என் மேசையில் வைத்தார். "எந்நேரமும் இதை மாட்டிக்கிட்டே கெடந்தான் டாக்டர். இப்ப காதுக்குள்ள யாரோ திட்டுறாங்கங்கறான்." இந்த மாதத்தில் இது மூன்றாவது ஹெட்செட்.

பெற்றோரே, மனநல மருத்துவராக எழுதியே தந்துவிடுகிறேன். பாட்டு கேட்டதால் அந்தக் குரல் வரவில்லை. குரல் வந்ததால்தான் பிள்ளை பாட்டைத் தேடிப் போனான். நீங்கள் கவனித்த அன்று அவன் காதில் ஹெட்செட் இருந்தது, அவ்வளவுதான். பல மாதம் முன்பே குரல் தொடங்கியிருக்கலாம்; உங்களிடம் சொல்லப் பயந்திருப்பான். இந்தப் பையனிடம் கேட்டேன். "பாட்டு ஓடுறப்ப அவங்க சத்தம் கம்மியாயிடும் சார்" என்றான். குரல் கேட்கும் பலரும் யாரும் சொல்லித் தராமலே கண்டுபிடிக்கிற வழி இது. வாய்க்குள் முணுமுணுத்துப் பாடினால்கூடச் சிலருக்குத் தணியும். மழையில் நிற்பவனின் குடையைப் பிடுங்கிவிட்டு, குடையால்தான் மழை என்கிறீர்கள்.

அவனுடைய பழைய மருத்துவச் சீட்டில் 'குரல் கேட்கிறது' என்று ஒரே வரி. எப்படிப்பட்ட குரல் என்று கேட்டால் பலருக்குச் சொல்ல வராது. அதனால் என் அறையில் ஒரு பழைய ரேடியோவும், குழந்தைகள் வாசிக்கும் சின்னக் கீபோர்டும் வைத்திருக்கிறேன். "எவ்வளவு சத்தம், திருப்பிக் காட்டு தம்பி" என்றேன். குமிழைத் திருப்பினான். திருப்பிக்கொண்டே போனான். வெளியே இருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தார். அப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "இந்தச் சத்தத்துலயாடா சாப்பிட உக்காருவ?" என்றார்.

அப்புறம் கீபோர்டு. கீழ்ஸ்தாயியில் ஒரே கட்டையை நிதானமாகத் தட்டினான்: "இவர் திட்டுறவர்." மேலே இரண்டு கட்டைகளைப் படபடவென்று: "இவங்க சிரிக்கிறவங்க." மூன்று பேர் என்று அப்போதுதான் தெரிந்தது.

யாருடைய குரல் என்றும் கேட்பேன். மானுடவியலாளர் டான்யா லூர்மன் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் சென்னை, கானா நாட்டின் அக்ரா, அமெரிக்காவின் சான் மேட்டியோ மூன்றிலும் குரல் கேட்கும் தலா 20 பேரிடம் பேசினார்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோர் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். குளி, சமை என்று வீட்டு வேலை ஏவும் குரல்களும் அதில் உண்டு. நம் ஊரில் குரலுக்கும் உறவுமுறை இருக்கிறது!

இன்னொரு கூட்டம் எதிர்ப்பக்கம். 'இந்த ராகத்தை 21 நாள் கேட்டால் மனநோய் பறந்துவிடும்' என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம், மாத்திரையை நிறுத்திவிட்டார்களாம். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஷூமன் என்ற ஜெர்மன் இசைமேதைக்கு 1854 பிப்ரவரியில் தேவதைகள் ஒரு மெட்டைப் பாடிக் காட்டுவதாகக் கேட்டது; எழுந்து எழுதிவைத்தார். விரைவிலேயே அவை பேய்க்குரல்களாக மாறின. 27-ஆம் தேதி ரைன் ஆற்றில் குதித்தார். படகுக்காரர்கள் மீட்டார்கள். 1856-இல் மனநல விடுதியிலேயே இறந்தார். அவரிடம் இல்லாத இசையா? அன்று இப்படிப்பட்ட குரலை அடக்க மாத்திரை கிடையாது. இன்று இருக்கிறது, போடுங்கள்.

பாட்டு கேட்கட்டும், சத்தம் குறைவாக. ரோட்டில் நடக்கும்போது ஒரு காது காலியாக இருக்கட்டும். பாட்டு வரிகளே தன்னைப் பற்றித்தான் பேசுகின்றன என்று சொன்னால், வரி இல்லாத வாத்திய இசைக்கு மாறி, எங்களிடமும் சொல்லுங்கள். ரேடியோ, கீபோர்டு சோதனையை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். கிளறிவிட்டால் ஆற்றப் பக்கத்தில் ஆள் வேண்டும். 'செத்துப்போ', 'அவனை அடி' என்று குரல் ஏவினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

கிளம்பும்போது அந்த அப்பா வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "புதுசா ஒண்ணு வாங்கணும். வயர் வச்சதா, புளூடூத்தா டாக்டர்?"

அவனையே கேளுங்கள் என்றேன்.