இனிப்பு நீர்: குடிப்பதல்ல

“எங்கம்மாவுக்கு இனிப்பு நீர் இருக்கு” என்று பினாங்கில் ஒருவர் சொன்னால், தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர் ஏதோ சர்பத் என்று நினைக்கக்கூடும். இங்குள்ள பேச்சில் அது சர்க்கரை நோய். மலாயில் ‘கென்சிங் மானிஸ்’: கென்சிங் சிறுநீர், மானிஸ் இனிப்பு. அப்படியே நம் சொல். ‘சிறு’வை மட்டும் நாசூக்காக விட்டுவிட்டோம்.

இரவல் என்று தள்ளிவிடவும் முடியாது. பழைய ‘மதுமேக’மும் இதையேதான் சொல்கிறது. மது தேன், மேகம் வானத்து மேகமல்ல, சிறுநீர் கழிதலைக் குறிக்கும் வடசொல். ‘டயாபெடிஸ் மெலிட்டஸ்’ என்பதில் மெலிட்டஸ், தேனாக இனிக்கும் என்னும் லத்தீன். டயாபெடிஸ், ஊடே கடந்து ஓடுவது என்னும் கிரேக்கம். ‘நீரிழிவு’ அதற்கு நேர்ச்சொல். இழிதல் இறங்கி ஓடுவது. கேவலம் என்ற பொருள் இங்கே இல்லை.

எழுத்தில் நான் நீரிழிவையே எடுப்பேன். ‘இனிப்பு நீர்’ என்ற பெயர் தாமதமாக வரும் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வடிகட்டிய குளுக்கோஸைச் சிறுநீரகம் திரும்ப இழுத்துக்கொள்ளும். இரத்தத்தில் அது லிட்டருக்குச் சுமார் 10 மில்லிமோலைத் தாண்டினால்தான் மிச்சம் சிறுநீரில் இறங்கும். ஆனால் வெறும் வயிற்றில் 7 வந்து, மறு பரிசோதனையிலும் அப்படியே இருந்தால் நீரிழிவுதான். 8-ல் இருப்பவரின் சிறுநீரில் எறும்பு மொய்க்காது. இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இங்கே மில்லிமோலில் 7, மில்லிகிராமில் எழுதும் சென்னை ரிப்போர்ட்டில் 126. பதினெட்டால் பெருக்கினால் போதும். “எனக்கு 126” என்று அங்கிருந்து அண்ணி போனில் அழுதால், 7 உள்ளவர் ஆறுதல் சொல்லும் இடத்தில் இல்லை.

அதே தாளில் இருக்கும் ‘கிரியேட்டினி’னின் வேர் ‘கிரேயாஸ்’, கிரேக்கத்தில் இறைச்சி. தசையில் உண்டாகிச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு அது. ‘தசைக்கழிவு’ என்று எழுதலாம்தான், ஆனால் தசையில் வேறு கழிவுகளும் உண்டே. பெயரை அப்படியே விடுவது மேல். இங்கே மைக்ரோமோலில் 88 என்றால் அங்கே மில்லிகிராமில் 1. தசை பெருத்தவருக்கு இயல்பிலேயே கூடுதலாகக் காட்டும். அதனால்தான் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்ட ‘இஜிஎஃப்ஆர்’, அதாவது வடிகட்டும் வேகம், பக்கத்தில் இருக்கிறது. அது 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் நாட்பட்ட சிறுநீரக நோய்.

சிறுநீரகத்துக்கு மலாயில் ‘புவா பிங்காங்’, இடுப்புப் பழம். அதை மட்டும் ஏனோ நாம் தமிழாக்கிக்கொள்ளவில்லை.