50 ஹெர்ட்ஸ் அரசியல்

2018 மார்ச் தொடக்கத்தில், ஸ்பெயினிலிருந்து துருக்கி வரை 25 நாடுகளில் மின் அடுப்பிலும் மைக்ரோவேவிலும் இருக்கும் கடிகாரங்கள் பல ஏறக்குறைய ஆறு நிமிடம் பின்தங்கி ஓடின. கடிகாரங்களில் பழுது ஒன்றும் இல்லை. காரணம், இந்த நாடுகள் எல்லாம் சேர்ந்த ஒரே மின்தொகுப்பில் (மின்நிலையங்களையும் கம்பிகளையும் இணைக்கும் வலையில்) எழுந்த ஓர் அரசியல் சண்டை. செர்பியாவிலிருந்து பிரிந்த கொசோவோ 2008-இல் தனி நாடாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. செர்பியா அதை இன்றும் ஏற்கவில்லை. அந்தப் பகுதியில் உற்பத்தியைவிட நுகர்வு கூடியபோது, அந்தக் குறையை யார் ஈடுகட்டுவது என்பதில் இரு தரப்புக்கும் தகராறு. ஜனவரி நடுவிலிருந்து மொத்தம் 113 கிகாவாட் மணி மின்சாரம் கணக்கில் குறைந்தது. மின்சார அலை வினாடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதுதான் அதிர்வெண்; 50 என்றிருக்க வேண்டிய அது, சராசரியாக 49.996 ஆனது. மின்சாரத்தின் அலைகளை எண்ணி நேரம் காட்டும் கடிகாரங்கள் மெதுவாயின.

மின்சாரத்தைப் பெருமளவில் சேமித்து வைப்பது கடினம் என்பதிலிருந்துதான் இதெல்லாம் தொடங்குகிறது. எந்த நொடியிலும் உற்பத்தியும் செலவும் சமமாக இருக்க வேண்டும். ஒரே ஏ.சி. (திசை மாறி மாறிப் பாயும் மின்சார) மின்தொகுப்பில் இருக்கும் பெரிய ஜெனரேட்டர்கள் எல்லாம், ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், ஒரே இருசில் கோத்த சக்கரங்களைப் போல ஒன்றாகச் சுழல்கின்றன. இரு துருவ ஜெனரேட்டர் என்றால் நிமிடத்துக்கு 3,000 சுற்று; அதுதான் 50 ஹெர்ட்ஸ். எங்கோ ஒரு மின்நிலையம் திடீரென நின்றால், குறைபடும் மின்சாரத்தை முதல் சில நொடிகளுக்குக் கொடுப்பது அந்த ஜெனரேட்டர்களின் கனத்த ரோட்டர்களின், அதாவது சுழலும் பாகங்களின், சுழற்சியில் இருக்கும் ஆற்றல்தான். அதைக் கொடுக்கக் கொடுக்க அவை மெதுவாகின்றன, அதிர்வெண் இறங்குகிறது. இறக்கத்தைக் கண்டவுடன் மற்ற நிலையங்கள் டர்பைனைத் திறந்து உற்பத்தியைக் கூட்டுகின்றன. யார் எவ்வளவு கூட்டுவது, யார் கட்டுப்பாட்டில் என்பது முன்பே எழுதி வைத்த ஒப்பந்தம்.

பால்டிக் நாடுகளான எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றும் 1991-இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்டன. 2004-இல் நேட்டோவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்ந்தன. மின்தொகுப்பு மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. ரஷ்யா, பெலாரஸுடன் சேர்ந்து ஐந்து நாடுகளும் 2001-இல் போட்ட பிரெல் ஒப்பந்தப்படி, அதிர்வெண்ணை மாஸ்கோ பார்த்துக்கொண்டது. உக்ரைன் போருக்குப் பின் 2022 மே மாதத்திலேயே ரஷ்ய மின்சாரம் வாங்குவதை இவை நிறுத்திவிட்டன. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். வாங்குவது வணிகம், இணைந்து சுழல்வது இயற்பியல். ஒரு யூனிட்கூட வாங்காமலேயே இன்னும் ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு மாஸ்கோவின் அதிர்வெண்ணில்தான் எஸ்தோனியத் தலைநகர் தாலினில் விளக்கு எரிந்தது.

மாஸ்கோ ஒருநாள் முன்னறிவிப்பின்றி இணைப்பைத் துண்டித்தால் என்ன ஆகும் என்ற பயம் இதனால் எப்போதும் இருந்தது. ஆனால் கயிறு இரு பக்கமும் கட்டியிருந்தது. போலந்துக்கும் லித்துவேனியாவுக்கும் நடுவில் கிடக்கும் ரஷ்யாவின் கலினின்கிராட் பகுதி, தாய்நாட்டு மின்தொகுப்போடு லித்துவேனியா வழியாகத்தான் சேர்ந்திருந்தது. பால்டிக் நாடுகளை இருட்டில் தள்ள நினைத்தால் கலினின்கிராட்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். ரஷ்யா அங்கே புதிய எரிவாயு மின்நிலையங்களைக் கட்டி முடித்தபோது அந்தக் கவலை போய்விட்டது. என் கணிப்பில், மூன்று தலைநகரங்களையும் அவசரப்படுத்தியதில் இதற்குப் பெரிய பங்குண்டு.

சரி, விலகுவதென்றால் சுவிட்சை அணைத்தால் போதாதா? பின்லாந்துக்கு எஸ்ட்லிங்க் கேபிள்கள் இரண்டு, சுவீடனுக்கு நார்ட்பால்ட், போலந்துக்கு லிட்போல் என்று மேற்கோடு இணைப்புகள் முன்பே இருந்தனவே! அவை எல்லாம் அப்போது டி.சி. (ஒரே திசையில் பாயும் மின்சார) முறையில் ஓடியவை. டி.சி. இணைப்பு குறித்த அளவு மின்சாரத்தைக் கொண்டுவரும். அந்தப் பக்கத்து ரோட்டர்களின் நிலைமத்தை, அதாவது வேகம் சட்டென மாறாமல் தாங்கும் தன்மையை, தானாகக் கொண்டுவராது. சிறிய மின்தொகுப்பில் சுழலும் எடை குறைவு, ஒரு பெரிய நிலையம் நின்றாலே அதிர்வெண் சரசரவென இறங்கிவிடும். காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகப் பெருக அந்த எடை இன்னும் குறைகிறது.

அதற்குப் போட்ட மருந்து வேடிக்கையானது. நாட்டுக்கு மூன்றாக ஒன்பது சிங்க்ரனஸ் கண்டன்சர்கள். பார்க்க ஜெனரேட்டர் மாதிரியே இருக்கும், ஆனால் பின்னால் டர்பைன் கிடையாது, எரிபொருள் கிடையாது. மின்தொகுப்பிலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சும்மா சுற்றுவதுதான் அதன் வேலை. அதிர்வெண் இறங்கும்போது சுழற்சி ஆற்றலை விட்டுக்கொடுக்கும், மின்னழுத்தத்தையும் தாங்கும். லித்துவேனியா இதோடு 200 மெகாவாட் பேட்டரிகளையும் வைத்தது. முழுத் திட்டத்துக்கு சுமார் 160 கோடி யூரோ. முக்கால் பங்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம்.

உக்ரைனுக்கு இவ்வளவு நேரம் கிடைக்கவில்லை. 2022 பிப்ரவரி 24 அதிகாலை, தனித்து இயங்க முடியுமா என்று பார்க்க மூன்று நாள் சோதனைக்காக ரஷ்யத் தொகுப்பிலிருந்து அது பிரிந்தது. சில மணி நேரத்தில் படையெடுப்பு தொடங்கிவிட்டது. திரும்பப் போக வழியில்லை, போகவும் விருப்பமில்லை. 2023-க்குத் திட்டமிட்டிருந்த ஐரோப்பிய இணைப்பு மார்ச் 16-ஆம் தேதியே, மால்டோவாவையும் சேர்த்து, நடந்தது.

பால்டிக் நாடுகளின் முறை 2025 பிப்ரவரி 8 சனிக்கிழமை வந்தது. நீண்ட மின்வெட்டு வரும் என்ற வதந்திகள் அதற்கு முன்பே பரவியிருந்தன. எஸ்தோனியாவில் ஜெனரேட்டர் விற்பனை சூடுபிடித்தது. காலை ஒன்பது மணியளவில் கடைசி இணைப்பும் பிரிந்தது. லாட்வியாவின் ரஷ்ய எல்லைக்கு அருகே கம்பியையே அறுத்தார்கள். ஒரு நாளுக்கும் மேல் மூன்று நாடுகளும் தனித் தீவாக, தங்கள் அதிர்வெண்ணைத் தாங்களே பிடித்துக்கொண்டு இயங்கின. மறுநாள் பிற்பகல், இரு பக்கத்து அதிர்வெண்ணும் மின்னழுத்தமும் அலையின் கட்டமும் (ஏற்ற இறக்கத்தில் அந்த நொடியில் அலை நிற்கும் இடம்) பொருந்திய நொடியில், லித்துவேனியாவின் அலிடுஸ் வழியாகப் போலந்தோடு இணைக்கும் பிரேக்கரை, அதாவது பெரிய சுவிட்சை, மூடினார்கள். கட்டம் பொருந்தாமல் மூடினால் ரோட்டர்களை ஒரு பெரும் அதிர்ச்சி உலுக்கும், அதனால்தான் அவ்வளவு பொறுமை. விளக்குகள் எங்கும் அணையவில்லை.

பலவீனம் தீர்ந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஐரோப்பியக் கண்டத்தின் தொகுப்போடு இருக்கும் ஏ.சி. இணைப்பு அந்த ஒரே போலந்து எல்லை வழிதான். 2024 கிறிஸ்துமஸ் அன்று எஸ்ட்லிங்க் 2 கடலடிக் கேபிள் அறுந்தது. நங்கூரத்தை இழுத்துச் சென்றதாக ஈகிள் எஸ் என்ற எண்ணெய்க் கப்பலைப் பின்லாந்து பிடித்தது. கேபிள் சரியாகப் பல மாதம் ஆனது. நேட்டோ 2025 ஜனவரியில் பால்டிக் கடலில் தனிக் கண்காணிப்பே தொடங்கியது.

கலினின்கிராட் இப்போது தன் சொந்த 50 ஹெர்ட்ஸில் தனியாக ஓடுகிறது. அங்குள்ள மின்நிலையங்கள் எரிக்கும் ரஷ்ய எரிவாயு குழாயில் வருகிறது. தேவைப்பட்டால் கப்பலில் திரவ எரிவாயு கொண்டுவரவும் ரஷ்யா ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. குழாய் வரும் வழி: பெலாரஸ், அப்புறம் லித்துவேனியா.