மாக்னோலியா பட்டை பதற்றத்தைத் தணிப்பது எப்படி?

"தொண்டையில் ஏதோ அடைத்தாற்போலவே இருக்கிறது. ஸ்கோப் போட்டுப் பார்த்தால் ஒன்றுமில்லை, பதற்றம்தான் காரணம் என்கிறார்கள். சீன மூலிகைப் பட்டை இதற்குக் கேட்குமா?" என்பது வாசகர் ஒருவரின் கேள்வி.

சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் சீன வைத்தியர் ஜாங் ஜோங்ஜிங் இதே தொல்லையை, சுட்ட இறைச்சித் துண்டு தொண்டையில் சிக்கியதுபோல என்று விவரித்தார். அவர் தந்த கஷாயத்தில் ஐந்து சரக்குகள்: பினெல்லியா கிழங்கு, மாக்னோலியா பட்டை, பொரியா பூஞ்சை, பச்சை இஞ்சி, பெரில்லா இலை. ஏழு பங்கு நீரை நான்கு பங்காகச் சுண்டக் காய்ச்சி, பகலில் மூன்று வேளை, இரவில் ஒரு வேளை. பினெல்லியாவைப் பச்சையாகச் சேர்த்தால் தொண்டை வீங்கும். கருணைக்கிழங்கை அரிக்க வைக்கும் அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் அதிலும் உண்டு.

பதற்றத்துக்கான சரக்கு என்று அதிகம் ஆராயப்பட்டது மாக்னோலியா பட்டை. உரித்த பட்டையைச் சற்றே வேகவைத்து, ஈரமான இடத்தில் குவித்து 'வியர்க்க' விடுவார்கள். உட்புறம் ஊதா கலந்த பழுப்பானதும் ஆவியில் இளக்கிச் சுருட்டி உலர்த்துவார்கள். நல்ல பட்டையில் சின்னச் சின்ன மினுமினுப்புகள் தெரியும். மாக்னோலால், ஹோனோகியால் என்ற இரு சேர்மங்களின் படிகங்கள் அவை. இரண்டும் சேர்ந்து குறைந்தது 2 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது சீன மருந்து நூல்.

இவை வேலை செய்யும் இடம்தான் அழகு. மூளை நரம்பணுவின் மேல் ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகக் கூடி, நடுவில் ஒரு துளை விட்டு நிற்கின்றன. காபா என்ற மூலக்கூறு வந்து ஒட்டினால் துளை திறக்கும், குளோரைடு அயனிகள் உள்ளே பாயும், நரம்பணு அடங்கும். ஹோனோகியால் அந்தக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது. காபா திறந்துவிட்ட வாயில் வழியே கூடுதல் குளோரைடு நுழைகிறது. பதற்றத்துக்குக் கொடுக்கும் டயசெபாம் மருந்தும் இதே வாயிலில்தான் வேலை செய்கிறது. ஆனால் அதற்கு ஐந்தில் ஒன்று காமா என்ற வகைத் துண்டாக இருந்தாக வேண்டும். காமாவுக்குப் பதில் டெல்டா துண்டு கொண்ட வாயில்கள் நரம்பிணைப்புக்கு வெளியே நின்று, கசிந்து வரும் காபாவை ஓயாமல் உணர்பவை. டயசெபாம் தொட முடியாத அந்த வாயில்களையும் ஹோனோகியாலும் மாக்னோலாலும் தூண்டுகின்றன!

எலிகளில் பலன் தெளிவு. மனிதரில் சிக்கல் வேறு. இரண்டும் நீரில் கரையத் தயங்குபவை. கரைந்ததையும் குடலும் கல்லீரலும் குளுகுரோனிக் அமிலம் ஒட்டி வெளியேற்றிவிடுகின்றன. எவ்வளவு கொடுத்தால் மூளைக்கு எவ்வளவு போகும் என்பதைப் பெரிய மருத்துவச் சோதனைகள்தான் சொல்ல முடியும். காப்புரிமை எடுக்க முடியாத பட்டைக்கு நிறுவனங்கள் பணம் போடத் தயங்கும். அரசு ஆய்வு நிதிதான் இதற்கு முன்வர வேண்டும்.

தூக்க மாத்திரையோடோ மதுவோடோ இதைச் சேர்த்தால் மயக்கம் கூடும். 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்று கேட்பவர்கள் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரை நினைக்கட்டும். 1990களின் தொடக்கத்தில் அங்கே உடல் மெலியக் கொடுத்த மாத்திரைகளில் மாக்னோலியாவோடு 'ஃபாங்ஜி' என்ற வேரும் சேர்ந்திருக்க வேண்டும். பெயர்க் குழப்பத்தில் அரிஸ்டோலோக்கியா வேர் புகுந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது, பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய். காரணம் அரிஸ்டோலோக்கிக் அமிலம். நம் ஆடுதீண்டாப்பாளையும் அதே பேரினம்தான், அதே அமிலம் அதிலும் உண்டு.